கம்பம் தோட்டமும் குமுளியில் குடித்த ஜிபிப்போவும்

கம்பம் பஸ் ஸ்டாண்டில் சுருளிப்பட்டிக்கு ஒரு ஆட்டோக்காரர் கேட்டது 600 ரூபாய். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு! "அருவிக்குப் போறவங்க எல்லாரும் குடுக்குறாங்க சார்" என்றார். அருவிக்கு இல்லை, திராட்சைத் தோட்டத்துக்கு என்றதும் 500 ஆனது. வெளியூர்க்காரன் என்று தெரிந்தாலே இப்படிக் கேட்பது அநியாயம். டவுன் பஸ்ஸில் சில்லறைக் காசில் போய் இறங்கினேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல், அடியில் குனிந்துதான் நடக்க வேண்டும். தலைக்கு மேலே பன்னீர் திராட்சைக் கொத்துகள். ஒவ்வொரு பழத்தின் மேலும் சாம்பல் பூத்தது போல் ஒரு படலம், விரலால் துடைத்தால் உள்ளே பளபளவென்று கறுப்பு. "கவாத்து வெட்டி நாலு மாசத்துல அறுத்துரலாம் தம்பி. இங்க அறுப்பு நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்துல பூ நிக்கும்" என்றார் தோட்டக்காரர். வருஷம் முழுக்கக் கம்பத்தில் திராட்சை கிடைப்பது இதனால்தான். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கிலோ 70 ரூபாய் என்று இரண்டு கிலோ வாங்கிக்கொண்டேன்.

லோயர் கேம்ப், மலைப்பாதை, செக்போஸ்ட், குமுளி. தங்கிய வீட்டுச் சேச்சி இத்தாலியில் நர்ஸ், லீவில் வந்திருந்தார். நல்ல தமிழ் பேசுகிறார். என் பையிலிருந்த திராட்சையில் ஒன்றை வாயில் போட்டவர், "இந்த வாசனை எனக்குத் தெரியுமே" என்று எழுந்து போய் ஒரு பாட்டிலோடு வந்தார். பாஸ்ஸிட்டோ டி பான்டெல்லேரியா. ஜிபிப்போ என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின். இத்தாலியில் அதன் விலை என் அறை வாடகையைவிட அதிகம். நானாக வாங்கிக் குடித்திருக்கவே மாட்டேன்.

சிசிலிக்கும் துனீசியாவுக்கும் நடுவில் பான்டெல்லேரியா என்று ஓர் எரிமலைத் தீவு. காற்று பேயாக அடிக்கும். அதனால் அங்கே பந்தல் கிடையாது. மண்ணில் குழி பறித்து அதற்குள் கொடியைக் குட்டைப் புதராக வளர்க்கிறார்கள். அந்த வளர்ப்பு முறையையே 2014-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்த ஒயினுக்குப் பழத்தில் ஒரு பகுதியை வெயிலில் காயவைத்து, நொதிக்கும் சாற்றில் அந்த உலர்திராட்சையைப் போடுகிறார்கள்.

தேன் நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் ரோஜா, ஆரஞ்சுப் பூ, அப்புறம் வாயில் உலர்ந்த ஆப்ரிகாட். இனிப்புதான், ஆனால் கூடவே ஒரு புளிப்பு இருப்பதால் திகட்டவில்லை. உடனே ஒரு பன்னீர் திராட்சையைக் கடித்தேன். அதே வாசனை!

சொந்தம்தான் காரணம். ஜிபிப்போவின் இன்னொரு பெயர் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. நம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க். ஸ்கியாவா கிரோஸ்ஸா என்ற கறுப்புத் திராட்சையும் இந்த வெள்ளையும் கலந்து பிறந்தது. நிறம் அங்கிருந்து, மணம் இங்கிருந்து. ரோஜாவில் இருக்கிற ஜெரானியோல் என்ற மணப்பொருள் இவை இரண்டிலும் இருக்கிறது.

இப்படி ஒரு மணத்தை வைத்துக்கொண்டு, இங்கே வீடுகளில் கிறிஸ்துமஸ் ஒயின் என்று கிராம்பும் பட்டையும் சர்க்கரையும் கொட்டிக் கொன்றுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். அப்படி நான் குடித்ததெல்லாம் மசாலாத் தண்ணீர்தான். கம்பத்துக் காற்றில் ஒரு ஏக்கராவது இந்த வெள்ளை மஸ்கட்டை யாராவது நட்டுப் பார்க்க வேண்டும்.

இரவுச் சாப்பாடு கப்பைக் கிழங்கும் குடம்புளி போட்ட மீன்கறியும், 140 ரூபாய். எரிகிற அந்தக் காரத்துக்கு மேல் ஒரு மடக்கு ஜிபிப்போ. யார் என்ன சொன்னாலும் அதுதான் சரியான ஜோடி.

கடைசியாக ஒன்று: திராட்சையைச் சாலையோரக் கடையில் வாங்காதீர்கள். என்னிடம் கிலோவுக்கு 120 கேட்டார்கள். நேரே தோட்டத்துக்குள் போய்க் கேளுங்கள்.