ராத்திரியில காத்து நின்னுட்டா

ரெண்டு வாரமா வேலை முடிஞ்சு வந்ததும் ஒரு காட்டோட டேட்டா ஃபைலத்தான் தொறந்து வச்சு உக்காந்துருக்கேன். அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல ஹார்வர்ட் ஃபாரஸ்ட்னு ஒரு காடு, ஓக்கும் மேப்பிளும் நெறைஞ்சது. 19ஆம் நூற்றாண்டுல விவசாயிங்க விட்டுட்டுப் போன நிலத்துல தானா வளந்து, 1938 புயல்ல நெறைய சாஞ்சு, திரும்பவும் வளந்தது. அங்க 30 மீட்டர் டவர் ஒண்ணு 1991லேர்ந்து காடு எவ்ளோ கார்பன் டை ஆக்சைடு இழுக்குது, எவ்ளோ விடுதுன்னு அளந்துக்கிட்டே இருக்கு, டேட்டாவ யார் வேணா எடுத்துக்கலாம்.

மரத்துக்கு மேல காத்து சுழிச்சு சுழிச்சுத்தான் போகும். மேல ஏறுற சுழி காட்டுக்குள்ள இருந்த காத்தக் கொண்டு வரும், எறங்குற சுழி வெளிக்காத்த உள்ள தள்ளும். டவர் உச்சில ஒரு கருவி சத்தத்த வச்சே காத்து ஏறுதா எறங்குதான்னு பாக்கும், இன்னொண்ணு அதே நொடியில கேஸ அளக்கும், ரெண்டையும் பெருக்கி அரை மணி நேரத்துக்குச் சராசரி போட்டா ஒரு நம்பர். ஜூலை மத்தியானத்துல அது மைனஸ்ல நல்லா கீழ எறங்கும், மைனஸ்னா காடு இழுக்குது. பொழுது சாஞ்சா பிளஸ், மரமும் மண்ணும் மூச்சு விடுதுல்ல. வருஷக் கடைசில மிஞ்சுறது இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம்தான், அதனால ராத்திரி கணக்கு கொஞ்சம் தப்புனாலும் வருஷக் கணக்கே மாறிடும்.

அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். ராத்திரி வரிசையில நெறைய எடம் காலியா கெடந்துச்சு, மெஷின் ரிப்பேர்னு நெனச்சேன். இல்ல, அவங்களே வேணும்னு எடுத்துருக்காங்க! காத்து அசையாத ராத்திரில சுழி இருக்காது, கேஸ் தரையோட தேங்கி சரிவுல வழிஞ்சு போயிடும், டவருக்குத் தெரியாது, காடு கம்மியா மூச்சு விடுற மாதிரி பொய்க்கணக்கு வரும். அந்த நேரத்த நீக்கிட்டு, காத்தடிச்ச ராத்திரிங்கள வச்சு நிரப்புறாங்க.

வெப்பக் கணக்கும் இதே டவர்லதான் எடுக்குறாங்க. வர்ற வெயிலும், சூடாவும் நீராவியாவும் போறதும் சமமா வரணும், ஆனா உலகத்துல பெரும்பாலான டவர்ல 10லேர்ந்து 30 சதவீதம் வரைக்கும் இடிக்குது, ஏன்னு இன்னும் விவாதம் ஓடிக்கிட்டுருக்கு.

டவர மட்டும் நம்பாம மரத்துக்கும் போயிருக்காங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தண்டச் சுத்தி ஸ்பிரிங் வச்ச உலோகப் பட்டை, மரம் பெருக்கப் பெருக்க பட்டையில விட்டுருக்குற இடைவெளி அகலும், ஆள் நேர்ல போய் அளந்து எழுதணும். 1993லேர்ந்து 2000 வரைக்கும் டவர் கணக்கு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 2.0 டன் கார்பன், மரத்த அளந்த கணக்கு 1.6, ரெண்டுலயும் 0.4 முன்னபின்ன இருக்கலாம்னு அவங்களே போட்டுருக்காங்க. அந்த 0.4ஐப் பாத்ததும்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்துச்சு.

அடுத்து ஜனவரிய எடுக்கப்போறேன், இலையெல்லாம் கொட்டி பனி மூடியிருக்குறப்ப மண்ணு எவ்ளோ மூச்சு விடுதுன்னு பாக்கணும்.