தோற்றுப்போன வட்டில் ஒரு பிழை

தரச் சோதனையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பிழையைச் ‘சரிசெய்த பிறகே அனுப்பலாம்’ என்று குறிப்பதற்கும் ‘தெரிந்தே விடுகிறோம்’ என்று குறிப்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு கையெழுத்துதான். 2008 ஜனவரியில் ஓர் எச்டி டிவிடி வட்டுக்கு நான் முதல் வகைக் கையெழுத்தைப் போட்டேன். டிவிடியின் இடத்தைப் பிடிக்க ப்ளூ-ரேயோடு போட்டியிட்ட உயர்தரப் பட வட்டு ஃபார்மட் அது. அது சரிதான் என்று நிரூபிக்க என்னிடம் நிறையக் காரணங்கள் இருக்கின்றன. அவை இவ்வளவு நிறைய இருப்பதுதான் எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

தேதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 4, வெள்ளிக்கிழமை, மே மாத இறுதிக்குப் பிறகு ப்ளூ-ரேயில் மட்டுமே படங்களை வெளியிடப்போவதாக வார்னர் அறிவித்தது. அப்போது இரண்டு பக்கமும் கால் வைத்திருந்த பெரிய ஸ்டுடியோ அது ஒன்றுதான். லாஸ் வேகாஸ் மின்னணுப் பொருள் கண்காட்சியை ஒட்டி எச்டி டிவிடி அணி நடத்தவிருந்த பத்திரிகையாளர் கூட்டம் ரத்தானது. அடுத்த வாரம், எச்டி டிவிடி அணியின் தலைவனான தோஷிபா தன் பிளேயர்களின் விலையை வெட்டியது. பிப்ரவரி 11 அன்று, அப்போது வட்டுகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸும் பெஸ்ட் பை கடைகளும், 15 அன்று வால்மார்ட் கடைகளும் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தன. 19 அன்று தோஷிபாவே எச்டி டிவிடிக் கடையை மூடுவதாகச் சொன்னது. எங்கள் பிழை கிடைத்தது ஜனவரி 4-க்கும் பிப்ரவரி 19-க்கும் இடைப்பட்ட அந்த விநோதமான காலத்தில். தோற்றாகிவிட்டது என்று, ஸ்டுடியோக்கள் நிறைந்த பர்பாங்க் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அலுவலகக் கூட்டங்களில் மட்டும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அட்டவணைகள் அப்படியே சுவரில் தொங்கின.

பிழை இதுதான். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது இயக்குநர் ஒரு சிறு சதுரத்துக்குள் தோன்றிப் பேசும் வசதியை இயக்க வேண்டும். பிறகு அடுத்த காட்சிக்குத் தாவும் பொத்தானை விரைவாக இரண்டு முறை அழுத்த வேண்டும். தோஷிபாவின் முதல் பிளேயரான எச்டி-ஏ1-இல் மட்டும் படம் உறைந்துவிடும். ரிமோட்டுக்கு அசையாது. மின் இணைப்பைப் பிடுங்கித்தான் மீட்க வேண்டும். அந்தப் பிளேயருக்குள் இருந்தது ஏறக்குறைய ஒரு முழுக் கணினி, பென்டியம் 4 உட்பட. அது விழித்து எழுவதற்குள் சோதனை அறையில் இருந்தவர்கள் காபி போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறை உறையும்போதும் அந்த எழுச்சிக்காக மறுபடியும் காத்திருந்தோம்.

தயாரிப்பு நிர்வாகி நியாயமாகத்தான் கேட்டார். ஒரே ஒரு பிளேயர், அதுவும் பழையது, இரண்டு முறை விரைவாக அழுத்தினால் மட்டும், அதுவும் சிலரே பயன்படுத்தும் வசதியில். விட்டுவிடலாமா? வாடிக்கையாளரான ஸ்டுடியோ ஒத்துக்கொள்ளும் என்றார். ஒத்துக்கொண்டிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நான் முடியாது என்றேன். பிளேயர் மொத்தமாகச் செயலிழக்கும் பிழையை விடுவதில்லை என்பது எங்கள் விதி. அந்த விதியைச் சொன்னேன். விதி இருந்ததே, பிறகு ஏன் இத்தனை யோசனை என்று கேட்கலாம். அதற்கு முன் அந்த விதியை நாங்கள் வளைத்ததே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

கூட்டம் முடிந்ததும் நடைபாதையில் அந்த வட்டின் நிரலை எழுதியவர் என்னை நிறுத்தினார். என்னைவிட மிகவும் மூத்தவர். சிடி-ரோம் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். எச்டி டிவிடியின் மெனுக்களும் வசதிகளும் எச்டிஐ என்ற முறையில் எழுதப்பட்டவை, இணையப் பக்கம் எழுதுவதைப் போன்ற வேலை. எங்கள் அலுவலகத்தில் அதை அவரளவுக்கு அறிந்தவர் இல்லை.

“யாருக்காக இதைக் கேட்கிறாய்?” என்றார்.

“வாங்கியவர்களுக்காக.”

“வாங்கியவர்களுக்காகவா, எச்டி டிவிடிக்காகவா?”

“இரண்டும் ஒன்றுதானே” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போனார். அந்த வாரக்கடைசியும் அடுத்ததும் அவருக்கு அலுவலகத்திலேயே கழிந்தன. சதுரத்துக்குள் ஓடும் படத்தை நிறுத்திவிட்டுத்தான் தாவ வேண்டும் என்று நிரலை மாற்றினார். மாற்றியதில் வேறொன்று உடைந்தது. அதையும் சரிசெய்தார். புதிய சோதனை வட்டு வந்தது. தேறியது.

‘இரண்டும் ஒன்றுதானே.’ இந்தப் பதிலைத்தான் நான் விடாமல் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒருவகையில் அது உண்மை. 2007 நவம்பர் 2 அன்று வால்மார்ட் ஒரு நாள் விற்பனையாகத் தோஷிபாவின் எச்டி-ஏ2 பிளேயரை 98.87 டாலருக்குக் கொடுத்தது. அன்று வரிசையில் நின்று வாங்கியவருக்கு வட்டைப் படிக்கும் நீலக் கதிரின் அலைநீளம் தெரியாது, யார் எந்த அணி என்பதும் தெரியாது. நல்ல படம், நூறு டாலருக்குள். இரண்டு மாதத்தில் அவர் வீட்டிலிருந்த பெட்டி அநாதையாகிவிட்டது. அவருக்கு இனி வரப்போகும் வட்டுகள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலாவது குறை இருக்கக்கூடாது என்று ஒருவன் நினைப்பதில் என்ன தவறு? வெற்றி பெற்ற ஃபார்மட் என்றால் மறுபதிப்பு வரும், சிறப்புப் பதிப்பு வரும், பிழையைத் திருத்த இன்னொரு வாய்ப்பு வரும். முடியப்போவதில் நாம் அனுப்புவதுதான் கடைசிப் பிரதி. அதனால் அங்கேதான் கூடுதல் கண்டிப்பு வேண்டும்.

நல்ல வாதம். எனக்கு இப்போதும் பிடித்திருக்கிறது. ஆனால் இதைக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. விதியைத்தான் சொன்னேன். இந்த வாதம் அப்போது என் மனத்தில் இருந்ததா, பிறகு வந்து உட்கார்ந்துகொண்டதா என்பதை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அது அவ்வளவு அழகானதல்ல. எனக்கு எச்டி டிவிடி பிடிக்கும். எண்களை மட்டும் அடுக்கினால் ப்ளூ-ரேதான் பெரியது: ஒரு அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50. எச்டி டிவிடியில் 15, 30. வெளியே ரசிகர்கள் இந்த எண்களை வைத்து அடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எங்களிடம் இரண்டு ஃபார்மட்டுக்கும் வந்த படங்களில் பலவற்றுக்குச் சுருக்கப்பட்ட படக் கோப்பு ஒன்றேதான். 30 ஜிபிக்குள் அடங்கும்படி ஒருமுறை சுருக்கி, அதையே இரண்டிலும் வைத்தோம். திரையில் தெரியும் படம் ஒன்று. வேறுபட்டதெல்லாம் மெனுவும் வசதிகளும். அதாவது, அந்த மூத்தவரின் கையையும் என் கையையும் கடந்து போகும் பகுதி மட்டும்.

அந்தப் பகுதியில் எச்டி டிவிடி முதல் நாளிலிருந்தே முழுமையாக வந்தது. ஒவ்வொரு பிளேயரிலும் இணைய இணைப்புக்கான துளை, இரண்டாவது படத்தைக் காட்டும் திறன், சேமிக்க இடம் எல்லாம் கட்டாயம். ப்ளூ-ரேயோ கட்டம் கட்டமாக வளர்ந்தது. முதலில் விற்ற பிளேயர்களால் படத்துக்குள் படம் காட்ட முடியாது. 2007 நவம்பருக்குப் பிறகு அறிமுகமான பிளேயர்களில்தான் அது கட்டாயமானது. இணையம் என்பது அதற்கும் அடுத்த கட்டம். அதனால் எங்கள் அந்தப் படத்தின் ப்ளூ-ரே பதிப்பில் இயக்குநர் பேசும் சதுரமே கிடையாது. எச்டி டிவிடியில் மட்டும் இருந்த ஒரு வசதி, எச்டி டிவிடியின் முதல் பிளேயரிலேயே உறைந்து நின்றது. அதை அப்படியே அனுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது என்று சொன்னால் பொய்யாகாது. எது வெல்வது என்று முடிவெடுத்தவர்கள் ஸ்டுடியோக்களும் கடைகளும். பிளேஸ்டேஷன் 3 என்ற விளையாட்டுக் கருவியை வாங்கிய வீடுகளில் எல்லாம் ப்ளூ-ரே பிளேயர் தானாகவே நுழைந்துவிட்டது. இதில் எங்கள் மெனுவின் நேர்த்திக்கு எந்த வேலையும் இல்லை. இதெல்லாம் தெரிந்த கோபமும் அந்தக் கையெழுத்தில் இருந்திருக்கலாம்.

அப்படியானால் அவர் கேட்டது சரியான கேள்வி. வாங்கியவர்களுக்காகவா, எச்டி டிவிடிக்காகவா?

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் அந்த வாரக்கடைசிகள். ப்ளூ-ரேயின் மேம்பட்ட மெனுக்கள் ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதப்படுபவை. எச்டிஐ தெரிந்தவருக்கு அது வேறு உலகம். தன்னை அந்தப் பக்கம் மாற்றும்படி அவர் ஜனவரியிலேயே கேட்டிருந்தார். அது எனக்கும் தெரியும். கையிலிருக்கும் வட்டை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது. அந்த வட்டு முடிவது என் கையெழுத்தால் தள்ளிப்போனது. வசந்தகாலத்தில் எச்டி டிவிடிப் பிரிவைக் கலைத்தபோது, ஜாவா பக்கம் இடம்பெயர்ந்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

சில வாரங்கள் முன்பே போயிருந்தால் இருந்திருக்குமா? இருக்காது என்பது என் கணிப்பு. அங்கே ஏற்கெனவே இளைஞர்கள் நிரம்பியிருந்தார்கள், அவர் சம்பளத்தில் இரண்டு பேரை எடுக்கலாம். பிரிவைக் கலைத்தது நான் அல்ல. அவரை மாற்றாமல் நிறுத்திவைத்ததும் நான் அல்ல. தரச் சோதகன் பிழையைச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். யாருடைய பிழைப்பு எந்த வாரத்தில் தொங்குகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தால் அந்த நாற்காலியே தேவையில்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்ல வாய்ப்பு வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

வட்டு வெளிவந்தது. அதற்குள் கடைகளில் எச்டி டிவிடி அலமாரிகள் தள்ளுபடிக் கூடைகளாக மாறியிருந்தன. எச்டி-ஏ1 வைத்திருந்த எவராவது அந்தச் சதுரத்தை இயக்கி, இரண்டு முறை வேகமாக அழுத்தி, உறையாததைக் கவனித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. சரியாக வேலை செய்வதை யாரும் கவனிப்பதில்லை. இது ஆறுதலா குற்றச்சாட்டா என்பது நாளைப் பொறுத்தது.

மார்ச் மாதத்தில் இன்னொன்று நடந்தது. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொல்லத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது கடைசிக்குத்தான் போகிறது. ஒரு ப்ளூ-ரே வட்டு, பழைய முதல் கட்டப் பிளேயர் ஒன்றில் மெனுவுக்குப் போகாமல் கறுப்புத் திரையிலேயே நின்றது. அணைத்து எழுப்பினால் சில முறை போகும், சில முறை போகாது. நிர்வாகி அதே கேள்வியைக் கேட்டார். பிளேயர் நிறுவனம் ஃபர்ம்வேர் மாற்றம் (பிளேயருக்குள் இருக்கும் மென்பொருளின் திருத்தம்) தரும் என்று எழுதி, ‘தெரிந்தே விடுகிறோம்’ என்று கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு அது உறுத்தவே இல்லை. வாழப்போகிற ஃபார்மட், திருத்த நாள் இருக்கிறது.

பல வருடங்கள் கழித்து ஒரு தொழில்முறைக் கூட்டத்தில் அந்த மூத்தவரைச் சந்தித்தேன். நன்றாகத்தான் இருந்தார், வேறு துறைக்குப் போயிருந்தார். எனக்குத்தான் அந்த வாரக்கடைசிகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அவர் கையை அசைத்து நிறுத்திவிட்டார். அந்தப் பிழையைச் சரிசெய்ததில் தனக்கு எந்த வருத்தமும் இல்லை என்றார். “எப்படியும் நானே சரிசெய்திருப்பேன். மார்ச்சில் அந்த ப்ளூ-ரே வட்டை விட்டாயே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.”

அவருக்கு அது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. என் வாதத்தைச் சொன்னேன்: முடிகிற ஃபார்மட், தொடர்கிற ஃபார்மட், கடைசிப் பிரதி, மறுவாய்ப்பு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பழைய ப்ளூ-ரே பிளேயரில் இணைய இணைப்பு இருந்ததா?” என்றார்.

இல்லை. முதல் கட்டப் பிளேயர்கள் பலவற்றில் இல்லை. ஃபர்ம்வேர் மாற்ற வேண்டுமென்றால் கோப்பை இறக்கி வட்டில் எழுதிப் போட வேண்டும், அல்லது நிறுவனம் அஞ்சலில் அனுப்பும் வட்டுக்குக் காத்திருக்க வேண்டும். நம் பக்கத்து வீட்டுக்காரர் செய்கிற காரியமல்ல. நான் கண்டிப்பு காட்டிய எச்டி டிவிடி பிளேயர்கள் ஒவ்வொன்றிலும் அந்தத் துளை இருந்தது. கடையை மூடுவதாகச் சொன்ன அறிக்கையிலேயே, வாங்கியவர்களுக்கு ஆதரவும் பழுதுபார்ப்பும் தொடரும் என்று தோஷிபா எழுதியிருந்தது. என் வாதம் எந்தப் பிளேயருக்குப் பொருந்தும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அதற்கு நேரெதிராகப் பொருந்தியது.

எச்டி-ஏ1-க்கு அந்தக் குறிப்பிட்ட பிழைக்காக யாரும் மாற்றம் எழுதியிருக்க மாட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். அது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும், அந்த இரண்டு படிவங்களையும் இன்று என் முன் வைத்தால், இரண்டிலும் பழையபடியேதான் கையெழுத்துப் போடுவேன் என்று தோன்றுகிறது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் நிற்கிறேன்.