கதவை மெதுவாகச் சாத்து

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடைசி அறை அம்மாவிடம் தினமும் திட்டு வாங்குவேன். பகலெல்லாம் 'மி டக்' என்று கொஞ்சுவார். (அந்தப் பக்கத்தில் எல்லோரையும் வாத்து என்றுதான் கூப்பிடுகிறார்கள், முதல் வாரம் எனக்குக் குழப்பம்தான்.) இருட்டினால் ஆளே மாறிவிடுவார். கதவு கொஞ்சம் சத்தமாகச் சாத்திக்கொண்டால் போதும், "போச்சு, லைட் போச்சு!" என்று கத்துவார். தலைக்கு மேலே லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும். மறதி நோய்தானே என்று, 'மாலையில் பதற்றம்' என எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிறு அவர் மகளிடம் கேட்டேன். சிரித்தார். "அம்மா கேரவனில் இருக்கிறார்."

1960-களில் ஜூலை முதல் இரண்டு வாரம் லெஸ்டரின் செருப்பு, பின்னலாடை ஆலைகளுக்கு விடுமுறை. ஊரே லிங்கன்ஷயர் கடற்கரைக்குக் கிளம்பிவிடும். இவர்கள் போனது மேபிள்தார்ப். சக்கரம் வைத்த சின்ன வீடு மாதிரியான வாடகை கேரவனில் ஆறு பேர். சாப்பாட்டு மேசையை இறக்கினால் அதுவே கட்டில். தண்ணீர் பொதுக் குழாயில் பிடித்து வரவேண்டும். பிள்ளைகளுக்கு மணல், கழுதைச் சவாரி. அம்மாவுக்கு வீட்டில் பார்த்த அதே சமையல், இரண்டே அடுப்பில். அதற்குப் பெயர் விடுமுறையாம்!

வெளிச்சத்துக்கு கேஸ் விளக்கு, அதில் மேண்டில். மகள் விளக்க ஆரம்பித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊர்த் திருவிழா பெட்ரோமாக்ஸிலும் அதே மேண்டில்தான். புதிதாகக் கட்டும்போது பட்டுத் துணிப் பை மாதிரி இருக்கும். ஒருமுறை எரிந்துவிட்டால் துணி போய் வெறும் சாம்பல் கூடுதான் மிஞ்சும். வெளிச்சம் தருவது அந்தக் கூடு. விரல் பட்டால் உதிரும், விளக்கை 'டங்'கென்று வைத்தால் உதிரும். கேரவனில் நாலு பிள்ளைகள் ஓடிவந்து கதவை அடித்துச் சாத்தினால்? அன்று ராத்திரி மெழுகுவத்திதான்.

அன்று சாயங்காலம் கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடியே கதவைச் சாத்தினேன். அந்த அம்மா கூரையை ஒருமுறை பார்த்தார். அப்புறம் "உட்கார், டீ போடுகிறேன்" என்றார்.

பராமரிப்புக் குறிப்பில் மாற்றி எழுதினேன்: 'கதவை மெதுவாகச் சாத்தவும். மேண்டில் உடையும்.' மறுநாள் ஷிஃப்டுக்கு வந்த இருபது வயதுப் பையன் கேட்டான், மேண்டில் என்றால் என்ன என்று.