அல்லை வயலுக்குப் பின்னுரித்தாளர் பதிந்த கதை

எங்கள் வயல் மூன்று ஏக்கர். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் அல்லை நீர்ப்பாசனத் திட்டத்துக்குள், மாவிலாற்றுத் தண்ணீர் பாயும் பக்கம் இருக்கிறது. குடியேற்றத் திட்டத்தில் அப்பப்பாவுக்குக் கிடைத்தது, பிறகு அப்பா பெயருக்கு வந்தது. முழுச் சொந்தமான உறுதிக் காணி இல்லை, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. இந்த வித்தியாசம் தெரியாமல் "அப்பா மூன்று பேருக்கும் எழுதி வைப்பார்தானே" என்று இருக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய.

பெர்மிட் காணியை நினைத்தபடி எழுதி வைக்க முடியாது. பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் விற்கவோ கைமாற்றவோ முடியாது. துண்டு போடுவதென்றால் பெர்மிட்டில் குறித்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. உரித்தாளர் இறந்தால் முதலில் வாழ்க்கைத் துணைக்குப் போகும், அவரும் அதை ஆண்டு அனுபவிக்கலாமே தவிர வேறு ஆளுக்குக் கொடுக்க முடியாது. அதன் பிறகு வரும் பின்னுரித்தாளர் யார் என்பதை உரித்தாளர் உயிரோடு இருக்கும்போதே பெயர் குறித்துப் பதிந்திருக்க வேண்டும். கையெழுத்து வைத்துவிட்டுப் பதியாமல் கண்ணை மூடினால் அந்தக் கடதாசி செல்லாது.

யாரையும் குறிக்காவிட்டால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படிதான் போகும். பழைய அட்டவணையில் ஆண் பிள்ளைகளுக்குப் பிறகுதான் பெண் பிள்ளைகள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த ஆண் பெண் வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம், ஆனால் மிகவும் பிந்தி வந்தது. அதற்குள் எத்தனை அக்காமார் பிறந்த காணியை விட்டுப் போனார்கள்! மூத்தவருக்கு முன்னுரிமை என்பது மட்டும் இன்னும் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பழைய சட்டப்படி வயல் கனடாவில் இருக்கும் தம்பிக்கு. புதிய சட்டப்படி மூத்தவளான எனக்கு, நானோ திருகோணமலை டவுனில் படிப்பிக்கிறேன். வயல் செய்வது தங்கச்சியும் அவள் புருஷனும். இரண்டு போகமும் விதைப்புக்கு முன் விவசாயிகள் கூடும் கன்னக் கூட்டத்துக்குப் போவது, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையோடு தண்ணீர் முறைக்குச் சண்டை பிடிப்பது, கடன் வாங்கி விதைப்பது எல்லாம் அவர்கள்தான். பழையது, புதியது, எந்தச் சட்டமும் தானாக அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது. அப்பா பெயர் குறித்தால் மட்டும்தான் உண்டு.

அப்பாவை இதற்குக் கூட்டிக்கொண்டு போவதே பெரும்பாடு. "நான் சாகிறதுக்கு அவசரப்படுத்திறியளோ?" என்று கேட்டார். அம்மாதான் சமாளித்தாள்: "உங்களுக்குப் பிறகு எனக்கு, அதுக்குப் பிறகுதான் பிள்ளைக்கு. என்னையும் சேர்த்துத்தான் சாகச் சொல்லுறாள்." அதோடு அப்பா சிரித்துவிட்டார்.

கையில் பெர்மிட் இல்லை. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டு, ஓகஸ்ட்டில் மூதூர்ப் பக்கம் சண்டை பெருத்தபோது அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். எங்களைப் போன்றவர்கள் பயப்படத் தேவையில்லை, பிரதேச செயலகத்தில் பெர்மிட் விவரம் பதிந்த லெட்ஜர் இருக்கிறது. தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாடு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் கொண்டுபோய்க் காணிக் கிளையில் கொடுத்தோம். வீட்டில் இருக்கும் கடதாசியைவிட லெட்ஜர் பக்கத்தைக் கேட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. அப்பப்பாவின் பெயரை வெட்டி அப்பா பெயர் ஏறியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பல வீடுகளில் இறந்து இருபது வருடமான ஆளின் பெயர் அப்படியே கிடக்கிறது. அப்படியென்றால் அந்தப் பின்னுரிமையை முதலில் தீர்க்க வேண்டும், அது தனி ஓட்டம்.

அப்புறம் பெயர்ப் பிரச்சினை. லெட்ஜரில் அப்பாவின் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி எழுதினால் வேறென்ன நடக்கும்? இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தோம்.

தம்பியின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. இருந்தாலும் கேட்டோம். கேட்காமல் செய்திருந்தால் சட்டம் சரியாக இருந்திருக்கும், தீபாவளிக்கு யாரும் யாருடனும் கதைத்திருக்க மாட்டோம். அவன் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு எடுத்து, "என்ரை பங்கு?" என்றான். டவுனில் அப்பா வாங்கிய உறுதிக் காணித் துண்டு அவனுக்கு என்று முடிவானது. எனக்குப் போகத்துக்குப் போகம் வீட்டு அரிசி. எழுத்தில் இல்லாத ஒப்பந்தம், தங்கச்சி மறந்தால் நான் சும்மா விடமாட்டேன்.

பெயர் குறிக்கும் நாளில் பெரிதாக ஒன்றும் இல்லை. உத்தியோகத்தர் அப்பாவைத் தனியாக இருத்தி, யாராவது வற்புறுத்தினார்களா, ஏன் இளைய மகள் என்று கேட்டார். அப்பா சொன்ன பதில்: "ராவு ரெண்டு மணிக்குத் தண்ணி வந்தா வாய்க்காலுக்குப் போறது அவள்தான், சேர்." அவர் சிரித்துக்கொண்டே படிவத்தைத் தள்ளினார். கையெழுத்து முடிந்ததோடு எழும்பி வராதீர்கள். பதிந்ததற்கான பிரதியை வாங்கிய பிறகு எழும்புங்கள்.

பெயர் குறிப்பது கல்வெட்டு இல்லை. அப்பா மனம் மாறினால் ரத்துச் செய்து வேறு பெயர் போடலாம், அதையும் பதிய வேண்டும். தங்கச்சிக்கும் இது தெரியும். அப்பாவுக்குப் பால் தேத்தண்ணீர் இப்போது கொஞ்சம் கூடுதலாக வருகிறது என்று அம்மா பகிடி பண்ணுவாள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. 2024இல் அரசாங்கம் உறுமய திட்டத்தைத் தொடங்கியபோது, பெர்மிட் காணிகளுக்கு முழு உரித்துள்ள உறுதி கொடுக்கிறார்கள் என்று தம்பி கனடாவிலிருந்து செய்தி அனுப்பினான். தங்கச்சிக்கு விருப்பமில்லை. முழு உறுதி வந்தால் விற்கலாம், துண்டு போடலாம், இவ்வளவு பாடுபட்டுப் பதிந்தது எதற்கு என்கிறாள். வங்கிக் கடன் சுகமாகக் கிடைக்குமே என்கிறான் அவள் புருஷன். அப்பா பெரும்போகம் வெட்டி முடியட்டும், பார்ப்போம் என்றிருக்கிறார்.