அந்த 'அரை' எங்கே போகிறது? நான்காம் அடுக்கு அலையியற்றியின் சுழிப்புள்ளி ஆற்றல்

சீரிசை அலையியற்றிக்கு (சுருள்வில்லில் ஆடும் துகளின் குவாண்டம் மாதிரி) சுழிப்புள்ளி ஆற்றல், அதாவது மிகக் கீழான மட்டமான அடிநிலையின் ஆற்றல், 1/2 (நிறை, அதிர்வெண், பிளாங்க் மாறிலியான ஹெச்-பார் மூன்றும் 1). நிலையாற்றலில் இடப்பெயர்ச்சியின் நான்காம் அடுக்கை 'ஜி' என்ற எண்ணால் பெருக்கிச் சேர்த்தால் அந்த எளிமை போய்விடும்.

ஜியைச் சிறிது என்று கொண்டு படிப்படியாகத் திருத்தும் பெர்டர்பேஷன் தொடர் இது: 1/2 + (3/4)ஜி − (21/8)ஜி² + (333/16)ஜி³ − (30885/128)ஜி⁴ ... ஜி = 0.1 என்று போட்டு ஒவ்வோர் உறுப்பாகக் கூட்டினால் 0.5750, 0.5488, 0.5696, 0.5454 என்று தள்ளாடும். சரியான விடை 0.5591. நான்காம் படி உறுப்பு மூன்றாம் படியைவிடப் பெரிது. அதற்கு மேல் கூட்டக் கூட்ட மோசம்தான். குவாண்டம் மின்னியக்கவியல் தொடருக்காக 1952இல் இயற்பியலாளர் டைசன் வைத்த வாதம் இங்கும் பொருந்தும்: ஜி இம்மியளவு எதிர்மறையானாலும் நிலையாற்றல் அடியில்லாமல் சரிகிறது, அடிநிலையே இருக்காது. அதனால் தொடரின் ஒருங்கு ஆரம் சுழி, அதாவது ஜி எவ்வளவு சிறிதானாலும் தொடர் ஒருங்காது. உறுப்புகள் காரணீய (1×2×3×... என்ற) வேகத்தில் பெருகுவதை 1969இல் பெண்டரும் வூவும் காட்டினார்கள்.

கையாலேயே செய்யக்கூடிய மாற்று, மாறல் முறை: ஓர் அலைச்சார்பை ஊகித்து அதன் சராசரி ஆற்றலைச் சிறுமமாக்குவது; கிடைப்பது எப்போதும் உண்மை அடிநிலை ஆற்றலுக்கு மேல்வரம்பு. அதிர்வெண் 'ஒமேகா' கொண்ட காஸியன் (மணி வடிவ) அலைச்சார்பை எடுத்துக்கொண்டால் சராசரி ஆற்றல் ஒமேகா/4 + 1/(4 ஒமேகா) + 3ஜி/(4 ஒமேகா²). இதைச் சிறுமமாக்கினால் ஒமேகா³ − ஒமேகா − 6ஜி = 0. ஜி = 1 எனில் ஒமேகா சரியாக 2, ஆற்றல் 0.8125. உண்மை மதிப்பு 0.8038, ஒரே ஒரு அளவுருவுக்கு 1 சதவீதப் பிழை! தொடரோ அதே இடத்தில் மூன்றாம் படியிலேயே 19ஐத் தாண்டிவிடும்.

இன்னும் துல்லியம் வேண்டுமானால், ஆற்றலைச் சீரிசை அலையியற்றி நிலைகளில் ஓர் அணியாக எழுதி மூலைவிட்டமாக்குங்கள் (மூலைவிட்டத்தில் வருபவையே ஆற்றல் மட்டங்கள்). அடிப்படை நிலைகளுக்கு அந்த ஒமேகா 2ஐயே வையுங்கள், விரைவில் ஒருங்கும். பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. இடப்பெயர்ச்சியின் முடிவிலா அணியை முதலில் ஓர் அளவில் வெட்டிவிட்டுப் பிறகு நான்காம் அடுக்கு எடுத்தால் கீழ்மூலை உறுப்புகள் தவறாகும். கிடைக்கும் ஆற்றல் மேல்வரம்பு என்ற உத்தரவாதமும் போய்விடும். நான்கு நிலைகள் கூடுதலாக வைத்துப் பெருக்கி, பிறகு வெட்டுங்கள்.

நிலையாற்றலில் இரண்டு பள்ளங்கள் உள்ள இரட்டைக் குழியில் சிக்கல் வேறு மாதிரி. நிலையாற்றல் (1/2)எக்ஸ்²(1 − √ஜி எக்ஸ்)² எனில், கீழ் இரு மட்டங்களுக்கும் தொடர் எல்லாப் படியிலும் ஒன்றே. அவற்றைப் பிரிக்கும் 2/√(பை ஜி) × இ^(−1/(6ஜி)) இன்ஸ்டன்டானிலிருந்து (ஒரு குழியிலிருந்து மற்றதற்குத் துளைத்துச் செல்வதை விவரிக்கும் தீர்வு) வருகிறது; ஜி = 0இல் அதன் எல்லா வகைக்கெழுக்களும் சுழி என்பதால் எந்தப் படியிலும் தலைகாட்டாது. ஜி = 0.005 எனில் பிளவு சுமார் 5×10⁻¹⁴. 16 இலக்கத் துல்லியத்தில் மூலைவிட்டமாக்கி இரு மட்டங்களைக் கழித்தால் மிஞ்சுவது முழுதாக்கப் பிழைதான். 30 இலக்கமாவது வைத்துக் கணக்கிட வேண்டும்.