எரிமலை பாக்க போறோம், கடல்லயும் குளிக்கணுமாம்

ஸ்ப்ரிங் பிரேக்குக்கு ஹவாய் பிக் ஐலண்ட் போலாம்னு ஒருவழியா முடிவாச்சு. டிக்கெட் போட்டது நான், ஆனா பிளான் போடுறது முழுக்க ஒன்பது வயசு பெரியவனும் அஞ்சு வயசு வாலும்தான்.

முதல்ல மேற்குக் கடற்கரைல இருக்கற கோனா பக்கமே ஒரு வாரமும் தங்கிடலாம்னு இருந்தேன், மேப்ப பாத்தா அங்கிருந்து எரிமலை பார்க்குக்கு கார்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம், வாலு அரைமணிக்கே 'வந்தாச்சா வந்தாச்சா'ன்னு உயிர வாங்கும், அதனால நாலு நாள் கோனா மூணு நாள் பார்க்க ஒட்டி இருக்கற வால்கனோ வில்லேஜ்னு பிரிச்சாச்சு. அந்த ஊரு கிட்டத்தட்ட 4000 அடி உயரத்துல இருக்கு, ராத்திரி குளிரும். ஹவாய்க்கு ஸ்வெட்டரான்னு அம்மா போன்ல சிரிக்கிறாங்க.

அந்த பார்க்ல இருக்கற கிலாவெயா எரிமலை நம்ம லீவ் பாத்து நெருப்பு கக்காது. 2024 டிசம்பர்லேர்ந்து விட்டு விட்டுதான் பொங்குது, நடுவுல சும்மா புகை மட்டும். பெரியவன்கிட்ட இத சொல்லி வெச்சுட்டேன், 'அப்ப காசு திருப்பி தருவாங்களா'ங்கறான்! லாவா இல்லாட்டியும் நாஹுகுன்னு ஒரு குகை இருக்கு, லாவா ஓடி உள்ள காலியான டனல், குழந்தைங்க நடந்தே போலாம். புனலூ கருப்பு மணல் பீச்ல ஆமைங்க வந்து படுத்திருக்கும், கிட்ட போகக் கூடாது. மௌனா கியாங்கற ரொம்ப உயரமான மலையோட உச்சி நமக்கு வேண்டாம், 13 வயசுக்கு கீழ உள்ள பசங்கள கூட்டிட்டு போகாதீங்கன்னே சொல்றாங்க.

ஒரே கவலை கந்தகப் புகைதான், சின்னதுக்கு வீசிங் வரும். இன்ஹேலர் ரெண்டு எடுத்து வெச்சாச்சு. போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்கப்பா, புகை அதிகமா இருந்தா அன்னைக்கு கிழக்குக் கரைல இருக்கற ஹிலோ ஊர் பக்கம் ஓடிடலாமா?