பிரித்தால் இனிக்கும் வேற்றுமொழிச் சொற்கள்

மலாயிலும் இந்தோனேசியத்திலும் சூரியனுக்குப் பெயர் ‘மாத்தாஹாரி’. மாத்தா என்றால் கண், ஹாரி என்றால் நாள். நாளுக்கு ஒரு கண் என்று சூரியனைப் பார்த்த மொழி அதோடு நிற்கவில்லை. ‘மாத்தா காக்கி’, பாதத்தின் கண், என்றால் கணுக்கால். ‘மாத்தா ஆங்கின்’, காற்றின் கண், என்றால் திசை. ‘மாத்தா பிசாவ்’ கத்தியின் வெட்டும் விளிம்பு. இரண்டு முறை அடுக்கி ‘மாத்தா-மாத்தா’ என்றால் ஒற்றன்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ‘மாத்தா ஆயிர்’. ஆயிர் என்றால் தண்ணீர். முழுச்சொல்லுக்குப் பொருள் நீரூற்று. நாமும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்கிறோம்! ஆனால் வரிசையில் கவனம் வேண்டும். மலாயில் முதன்மைச் சொல் முன்னால் வரும், அதை விளக்கும் சொல் பின்னால் வரும். தமிழில் இதற்கு நேரெதிர். தமிழ்ப் பழக்கத்தில் மாற்றிப் போட்டு ‘ஆயிர் மாத்தா’ என்று சொன்னால் நீரூற்று கண்ணீராகிவிடும். அதுவும் சரியான சொல்தான் என்பதால் கேட்பவருக்குப் பிழை என்றே தோன்றாது.

வேற்றுமொழிச் சொற்களில் என்னை இழுப்பவை இப்படிப் பிரித்துப் பார்க்கக்கூடியவையே. ‘மொழிபெயர்க்கவே முடியாத சொற்கள்’ என்று சுற்றும் பட்டியல்கள் எனக்குப் போதவில்லை. சொல்லையும் ஒரு கவித்துவமான விளக்கத்தையும் தருகிறார்கள். எப்படி உச்சரிப்பது, எந்த வினையோடு சேரும், யார் யாரிடம் சொல்வார்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள். சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பின்னிஷ் மொழியை எடுத்துக்கொள்வோம். துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். குறில், நெடில், இரட்டித்த மெய் மூன்றும் பொருளை மாற்றும் என்பது நமக்குப் பாலபாடம்; நம் எழுத்திலேயே அச்சாக எழுதிவிடலாம். சிக்கல் வல்லினத்தில் வருகிறது. ‘உன்னைச் சந்திக்கிறேன்’ என்பதற்கான வினையில் இரண்டாம் உயிர் நெடில். அதைக் குறிலாக்கினால் ‘உன்னைக் கொல்கிறேன்’ என்றாகிவிடும். இரண்டிலும் நடுவில் இருப்பது அழுத்தமாக ஒலிக்கும் ஒற்றைப் ப. தமிழில் ‘தபான்’ என்று எழுதினால் ப மெலிந்து ஒலிக்கும். ‘தப்பான்’ என்று எழுதினால் ப இரட்டித்துவிடும், பின்னிஷில் அது வேறு ஒலி. மேலே எழுதிய ‘மாத்தா’விலும் இதே குறைதான், மூலத்தில் இருப்பது ஒற்றைத் த. அதனால் குறிப்பேட்டில் இப்படிப்பட்ட வல்லினத்தின் கீழ் ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது.

அதே மொழியில் இன்னொரு சொல் ‘லொய்லு’. சவுனா எனும் வெப்பக் குளியல் அறையில் சூடான கற்கள்மேல் தண்ணீர் ஊற்றியதும் எழுந்து உடலைச் சூழும் ஆவி அது. நான் எழுதியிருப்பது தோராயம்தான். முதல் உயிருக்கு, நாக்கை எ சொல்லும் இடத்தில் வைத்து உதட்டை ஒ சொல்வதுபோல் குவிக்க வேண்டும். கடைசி உயிருக்கு நாக்கில் இ, உதட்டில் உ. ஆவியை ‘போடுகிறோம்’, ‘விடுகிறோம்’ என்று அவர்கள் சொல்வதில்லை, லொய்லுவை ‘எறிகிறார்கள்’. ஹங்கேரிய மொழியில் ஆன்மாவைக் குறிக்கும் ‘லேலெக்’ இதற்கு உறவுச்சொல். மூச்சு என்ற பழைய பொருள் ஒரு மொழியில் நீராவியாகவும் இன்னொன்றில் உயிராகவும் நிலைத்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஜப்பானிய ‘கொமொரெபி’ இப்போது பலருக்கும் தெரியும்: இலைகளுக்கிடையே கசிந்து விழும் வெயில். கொ என்பது மரம், மொரெ என்பது கசிவு, பி என்பது வெயில். தனியாக நிற்கும்போது அது ‘ஹி’. கூட்டுச்சொல்லின் பின்பகுதியாக வந்தால் ‘பி’ ஆகும். காகிதம் ‘கமி’. கையைக் குறிக்கும் ‘தெ’ முன்னால் சேர்ந்தால் க மெலிந்து ‘தெகமி’, அதாவது கடிதம். உயிர்களுக்கு இடையில் வல்லினத்தை மெலிய ஒலிக்கும் நம் நாவுக்கு இது தானாகவே வரும். ஆனால் எப்போதும் அதை நம்பக்கூடாது. பின்சொல்லில் ஏற்கெனவே ஜ போல மெலிந்து ஒலிக்கும் வல்லினம் இருந்தால் இந்த மாற்றம் நடக்காது. மலை ‘யம’, தீவிபத்து ‘கஜி’. இரண்டும் சேர்ந்தாலும் க அழுத்தமாகவே நிற்கும். இதை 1894-இல் கட்டுரையாக எழுதிய பெஞ்சமின் ஸ்மித் லைமன் ஜப்பானில் பணியாற்றிய ஓர் அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர். அவர் பெயரிலேயே லைமன் விதி என்கிறார்கள்.

ஜெர்மனில் ‘ஃபையர்ஆபென்ட்’. கொண்டாட்டம், மாலை என்ற இரு சொற்கள் சேர்ந்தது. இன்று அதற்குப் பொருள் வேலை முடிந்த நேரம். இரவுப்பணி பார்ப்பவருக்கு அது காலை ஆறு மணிக்கும் வரும். கூட்டுச்சொல்லுக்குப் பால் கடைசிச் சொல்லால் அமையும் என்பதால், மாலையைக் குறிக்கும் சொல் அம்மொழியில் ஆண்பால், ஆக முழுச்சொல்லும் ஆண்பால். முதல் சொல்லின் பாலை வைத்து வாக்கியம் அமைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

ஸ்பானிய ‘மத்ருகாதா’ நள்ளிரவு தாண்டி விடியும்வரை உள்ள பொழுது. நம் சிறுபொழுதுகளில் யாமத்தின் பின்பாதியும் வைகறையும் சேர்ந்தால் ஏறத்தாழ அதுதான். கடிகார நேரத்தோடும் சேர்த்துச் சொல்வார்கள்: மத்ருகாதா மூன்று மணி. இதிலிருந்து வரும் வினைக்கு, அதிகாலையில் எழுவது என்று பொருள். அதே மொழியின் ‘எஸ்த்ரெனார்’ ஒன்றை முதன்முறையாகப் பயன்படுத்துவது. சட்டை, செருப்பு, வீடு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வினை போதும். படம் முதன்முதலாகத் திரைக்கு வந்தாலும் இதே வினைதான். எதைப் புதிதாகப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பெரும்பாலும் செயப்படுபொருளாக உடன் சொல்வார்கள்.